ரிசீவருக்கு ஓர் இடம்

அரவேணுவில் இறங்கி, ஆட்டோ கிடைக்காமல்
ஏணியைத் தோளில் போட்டு நடந்தேன்.
பங்களா வாசலில் சாவிக்கொத்தோடு சிவபாக்கியம்.
"கரடி வந்தா கத்துமா?"
அதுதான் முதல் கேள்வி.
போன மாதம் பின்கதவைப் பெயர்த்து
இரண்டு லிட்டர் விளக்கெண்ணெய் குடித்துவிட்டுப் போனதாம்.
எது வந்தாலும் கத்தும் என்றேன்.
"காத்து வந்தா?"
ஏணியைச் சுவரில் சாத்தினேன்.

பழைய பேனல் மாடிப்படிக்கு அடியில்,
இரும்புப் பெட்டிக்குள்.
சுவருக்குள் ஓடிய வயர்களை எலி தின்றுவிட்டது.
அதனால் வயர்லெஸ். பதினைந்து சென்சார், ஒரு ரிசீவர்,
அதிலிருந்து பேனலுக்கு நாலே நாலு வயர்:
சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள்.
கடை மேசையில் அரைமணி வேலை.
இங்கே சுவர் இரண்டடிக் கருங்கல்.
குளிருக்காக எவனோ வெள்ளைக்காரன் கட்டியது
சிக்னலையும் உள்ளே விடவில்லை.

ஹாலில் வைத்தேன்: பத்துக்கு இரண்டு.
நடையில் மூன்று.
மாடியில் வைத்தால் மேல்ஜன்னல்கள் பேசின,
கீழ்ஜன்னல்கள் ஊமை.
இரும்பு பக்கத்தில் இருந்தால் இதுக்குக் காது கேட்காது
என்று சும்மா சொல்லிவைத்தேன் அவளிடம்.

ஒவ்வோர் அறையிலும் ஒருவர் நடக்க வேண்டும்.
நான் ரிசீவரைப் பிடித்திருக்கிறேன்.
"நானா?" என்றாள்.
பதினோரு வருடமாகப் பெருக்குகிற அறைகள்தான்;
விளக்குமாறு இல்லாமல் நடக்கும்போது
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.
"மெதுவா நடங்கக்கா. திருடன் மாதிரி."
"திருடன் எப்படி நடப்பான்னு
எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

சாப்பாட்டு அறை, சரி. புத்தக அறை, சரி.
பெரிய படுக்கையறையிலிருந்து ஒன்றும் வரவில்லை.
போய்ப் பார்த்தால் ஜன்னலோரம் நிற்கிறாள்.
அசையாத ஆளை இந்தச் சென்சார் பார்க்காது.
"இங்கேர்ந்து என் வீடு தெரியுது" என்றாள்.
"தகரத்துல அந்த ஓட்டைகூடத் தெரியுது."

பனி இறங்கி, விரல் மரத்து,
ஒரு டிரில் பிட்டும் உடைந்தபிறகு
வெறுப்பில் பின்னால் போய்
அவள் அடுக்களைச் சுவரில் ரிசீவரை வைத்துப் பார்த்தேன்.
ஒன்பது.
பதினைந்தும் ஒன்பது.
பங்களாவின் ஜன்னல்கள் எல்லாம்
இந்தப் பக்கம் பார்த்தே திறக்கின்றன.
குரல் கொடுத்தால் ஆள் ஓடிவர வசதியாக
அன்றைக்கே யோசித்திருப்பார்கள் போல.

பெங்களூருக்குப் போன் போட்டேன்.
இரண்டு கையிலும் வேலை, அதனால் ஸ்பீக்கரில்.
"அவ ரூம்லயா? வேணாம்ப்பா தஸ்தகீர்.
அவளுக்கும் சேர்த்துத்தானே வைக்கிறோம்."
வேறு இடம் இல்லை சார் என்றேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும்.
"சரி. என்ன பெட்டின்னு சொல்லாத.
கோட் நம்பர் எனக்கு மட்டும் அனுப்பு."

திரும்பினால், நான் கேட்காமலே
எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டைக் கழற்றி
எதிர்ச்சுவருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.
"இரும்பு ஆகாதுன்னீங்களே."
ஆணியைப் பல்லில் கடித்தபடி சொன்னாள்.

செங்கல் சுவர். திருகு சொன்னபடி இறங்கியது.
வெங்காயக் கூடைக்கு மேலே ஒரு பச்சைப் புள்ளி,
அந்த வீட்டில் எது அசைந்தாலும் ஒருமுறை மினுக்கும்.
கட்டஞ்சாயா கொடுத்தாள். இஞ்சி கூடுதல்.
என்ன பெட்டி என்று அவள் கேட்கவில்லை.

கடைசிக்கு முந்தின பஸ்.
குஞ்சப்பனை தாண்டும்போது பையில் போன் துடித்தது.
பெரிய படுக்கையறை: அசைவு. 6.52.
அடுத்த வளைவில் இன்னொன்று, 6.53.
அப்புறம் ஆறேழு நிமிடம் ஒன்றுமே இல்லை.

டெஸ்ட் மோடில் இருக்கும்வரை
எதுவும் பெங்களூருக்குப் போகாது,
என் போனோடு நின்றுவிடும்.
கிளம்பும்போதே அதை எடுத்திருக்க வேண்டும்.
இங்கே டவர் வந்து வந்து போகிறது.
மேட்டுப்பாளையம் போய் எடுத்துக்கொள்ளலாம்.